சர்வர் கிடைக்கவில்லை

காரியாலயங்களில் உத்தியோகம் பார்க்கிறவர்கள், தங்கள் மேஜைமீதிருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் திறக்க மறுத்தால், கம்பி கழன்றதா, பாஸ்வேர்டைப் பிசகாக அடித்தோமா, பக்கத்து மேஜைக்காரருக்கும் இதே சங்கடம் உண்டா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. "சர்வர் போயிடுச்சு" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பை வழங்கிவிட்டுக் காப்பி குடிக்க எழுந்து போய்விடுவார்கள். அந்தத் தீர்ப்பைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வதும், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சம்பவ ஸ்தலத்துக்குப் போய்ச் சேருவதுமே தொண்ணூறுகளின் ஆரம்பத்திலிருந்து என்னுடைய ஜீவனோபாயமாக இருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஃபைல்களைத் தன்னிடத்தில் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்குக் கேட்டபடி எடுத்துக் கொடுப்பதற்கென்று நியமிக்கப்பட்ட கம்ப்யூட்டர்தான் ஃபைல் சர்வர். அது உண்மையாகவே போய்விட்டிருந்த சந்தர்ப்பங்கள் என் அநுபவத்தில் சொற்பம். மற்றபடி அது குளிரூட்டிய அறையின் மூலையில் யாதொரு குறையுமின்றி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேட்கிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் இடையே உள்ள வழியில்தான் ஏதோ ஒரு விக்கினம் நேர்ந்திருந்தது. அதைக் குறித்துத் திரையில் தோன்றும் வாசகமோ, காரணத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடும் ஸ்வபாவமுடையது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், மவுண்ட் ரோட்டிலும் பாரிமுனையிலும் நான் போய்வந்த கம்பெனிகளில் எல்லாம் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர்தான் ஆட்சி செலுத்திக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலுள்ள ப்ரோவோ என்ற ஊரிலிருந்து வந்த அந்த மென்பொருள், ஒரு சாதாரண 386 யந்திரத்தை இருபது முப்பது பேருக்குச் சளைக்காமல் சேவகம் செய்யும் சர்வராக்கிவிடும். 3.11 என்ற அதன் பதிப்பை நிறுவி, அறையைப் பூட்டிச் சாவியை மானேஜரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தால், மாதக்கணக்கில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. விசைப்பலகையை ஒருவரும் தொடாதிருக்கும் வேளையில் அதன் திரையில் ஒரு பாம்பு ஊர்ந்துகொண்டிருக்கும். சர்வருக்கு வேலை அதிகரிக்க அதிகரிக்கப் பாம்பின் வால் நீளும், வேகமும் கூடும். "பாம்பு ஓடுதே சார், அப்ப சர்வர் நல்லாத்தானே இருக்கு?" என்று சரியாகவே ஊகித்துக் கேட்ட பியூன்களை நான் கண்டிருக்கிறேன். அந்த ஊகம் மானேஜர்களுக்கு ஏனோ எளிதில் கைகூடுவதில்லை.

மேஜைமீதிருக்கும் யந்திரம் காலையில் உயிர் பெற்றதும் டாஸில் சில சிறு புரோகிராம்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிக்கொள்ளும். கடைசியில் ஏறும் நெட்எக்ஸ் என்பதற்கு எந்தச் சர்வரின் பெயரும் முன்கூட்டித் தெரியவேண்டியதில்லை, தெருமுனையில் நின்றுகொண்டு "யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவுகிறவனைப் போல, அருகிலுள்ள சர்வர் எது என்ற கேள்வியைக் கம்பி முழுவதற்கும் கேட்கும்படி அது எழுப்பும். சர்வர் தன் பெயரைச் சொல்லிப் பதில் கொடுத்தால் எஃப் என்ற டிரைவ் தோன்றும். லாகின் என்று அடித்து உள்ளே போகலாம். பதில் வராவிட்டால், ஃபைல் சர்வர் ஒன்றையும் காணமுடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரியை எழுதிவிட்டு அந்தப் புரோகிராம் விலகிக்கொள்ளும். கம்பி அறுந்திருந்தாலும் அதே வரி; மௌஸ் மாட்டிய இரண்டாவது சீரியல் போர்ட்டும் நெட்வொர்க் கார்டும் 3 என்ற ஒரே இன்டரப்ட் எண்ணுக்கு உரிமை கொண்டாடினாலும் அதே வரி; சர்வரையே யாரேனும் அணைத்துவிட்டுப் போயிருந்தாலும் அதே வரிதான்.

எங்கள் கம்பெனியின் மூத்த என்ஜினீயர், தபால் தந்தி இலாகாவில் டெலிபிரிண்டர்களைப் பழுது பார்த்துவிட்டு வந்தவர். அவரோடு முதன்முதல் புகார் ஒன்றுக்குப் போனபோது, புகார் கொடுத்தவருடைய மேஜையை நோக்கி நான் ஓட, அவர் அதைக் கண்ணெடுத்தும் பாராமல் நேரே சர்வர் அறைக்குள் புகுந்து, அதன் முன் உட்கார்ந்து 'ட்ராக் ஆன்' என்று அடித்தார். அப்படி அடித்தால், கம்பியின் வழியே சர்வரைத் தேடி வரும் கேள்விகளும் சர்வர் அனுப்பும் விடைகளும், உள்ளே, வெளியே என்ற அடையாளத்தோடு திரையில் வரிவரியாக ஓட ஆரம்பிக்கும். "அந்த ஆள் ஸ்கிரீன்ல இருக்கிற வரியைப் படிச்சு என்னய்யா ஆகப் போவுது? கேள்வி இங்க வந்து சேந்துச்சா, இல்லையா? அதை முதல்ல பாரு" என்றார். பிறகு வெளியே குரல் கொடுத்து, அந்த யந்திரத்தை அணைத்துப் போடச் சொன்னார். எந்த யந்திரத்திலிருந்து வந்த கேள்வி என்பது அதன் கார்டுக்கே உரிய எண்ணைக் கொண்டு தெரிந்துவிடும். கேள்வி வந்து, விடையும் போயிருந்தால் ஒரு திசையில் விசாரணை. கேள்வியே வரவில்லையென்றால் முற்றிலும் வேறொரு திசையில் விசாரணை. நான் பிற்காலத்தில் கற்ற வித்தைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியை வெவ்வேறு யந்திரங்களிடம் வெவ்வேறு கட்டளைகளால் கேட்பதாகவே முடிந்தன.

கேள்வி வந்து சேராததற்கு அந்நாளில் முக்கியமான காரணம் கம்பிதான். இப்போது போல ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனிக் கம்பி இழுக்கிற வழக்கம் அப்போது பரவவில்லை. கறுப்பு நிறத்தில், சுண்டுவிரலை விட மெல்லியதாக, ஆர்ஜி-58 என்ற ஒரே கோயாக்சியல் கேபிள் அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மேஜை மேஜையாகத் தொட்டுக்கொண்டு போகும். தொடும் ஒவ்வோரிடத்திலும் 'டி' வடிவத்தில் ஒரு பித்தளை இணைப்பு. இரண்டு கோடிகளிலும் 50 ஓம் மின்தடை அடங்கிய டெர்மினேட்டர் என்ற மூடி. ஒரே ஓட்டத்தில் 185 மீட்டர் நீளத்துக்கும் முப்பது இணைப்புகளுக்கும் மேற்படக்கூடாது என்பது விதி. இந்த ஏற்பாட்டில் செலவு குறைவு, ஆபத்து அதிகம். ஏனென்றால் நடுவில் ஓரிடத்தில் கம்பி விட்டுப்போனால், விட்டுப்போன முனையில் சமிக்ஞை முட்டித் திரும்பி, அந்த ஒரு யந்திரத்தை மட்டுமல்லாமல் கம்பியிலுள்ள அத்தனை யந்திரங்களையும் ஊமையாக்கிவிடும்.

ஆயுத பூஜையும் விஜயதசமியும் கழிந்து காரியாலயங்கள் திறக்கும் நாளில் எங்கள் தொலைபேசி ஓய்வதில்லை. பூஜைக்காக மேஜைகளை நகர்த்திக் கழுவித் துடைத்து, கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுபடி பழைய இடத்தில் தள்ளி வைத்திருப்பார்கள். அவ்விதமான ஒரு காலையில் தம்புச் செட்டித் தெருவிலிருந்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போனோம். மரப்படியேறி மாடிக்குப் போனால், ஒரு ஹால் நிறைய ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சர்வரின் திரையில் பாம்பு மட்டும் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது. மூத்தவர் கம்பியின் ஏறக்குறைய நடுப்பாகத்திலிருந்த மேஜையின் பின்புறம் குந்தி உட்கார்ந்து, 'டி' இணைப்பை யந்திரத்திலிருந்து கழற்றி, அதன் நடு ஊசியிலும் வெளி வளையத்திலும் மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். இரு கோடியிலுமுள்ள டெர்மினேட்டர்கள் இரண்டும் சேர்ந்து 25 ஓமும், கம்பியின் சொந்த மின்தடையாகச் சொற்பம் கூடுதலாகவும் காட்டவேண்டிய முள், 50-ஐத் தாண்டி நின்றது. ஆகவே ஒரு பக்கம் மாத்திரம் முழுமையாக இருக்கிறது. மற்றொரு பக்கம் எங்கேயோ அறுபட்டிருக்கிறது. இடப்புறக் கம்பியைக் கழற்றினார், முள் அசையவில்லை. எனவே குற்றம் இடப்புறத்தில். அந்தப் பாதியின் நடுவுக்குப் போய் அதே பரிசோதனை. பிறகு அதிலும் பாதி. கணக்குப் பிரிவில் கடைசிக்கு முந்திய மேஜையின் பின்னால், 'டி'யின் ஒரு கையில் கம்பி இருக்க மறு கை வெறுமையாக இருந்தது. சேரவேண்டிய கம்பி, முனையில் உலர்ந்த சந்தனத்தோடு, தரையில் கிடந்தது. மேஜையை நகர்த்திய பையனைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "ரெண்டு ஒயர் இருந்துச்சு சார், ஒண்ணு எக்ஸ்ட்ரான்னு நெனச்சு வுட்டுட்டேன்" என்றான். எல்லா மேஜைக்கும் ஒரு கம்பி வந்து ஒரு கம்பி போகவேண்டும் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மானேஜர் அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தார். மூத்தவர் குறுக்கிட்டு, "விடுங்க சார், துடைச்சு வைக்கிறவனுக்குத்தான் இதைச் சொல்லிக் குடுக்கணும்" என்று சொல்லி, அந்தப் பையனையே உட்கார வைத்து இணைப்பைப் பூட்டச் செய்தார்.

கம்பி சரியாக இருந்தும் கேள்வி வராமற்போன ஒரு விசித்திரமும் உண்டு. நெட்வேரின் 3.12 பதிப்பு வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து பழைய சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள், வேறொரு கம்பெனியில். திங்கட்கிழமை காலை பாதி யந்திரங்கள் உள்ளே போயின. பாதி, சர்வரைக் காணோம் என்றன. ஒரே கம்பி, ஒரே ஜாதி கார்டு. மீட்டரில் ஒழுங்காக 25 ஓம். ஆனால் 'ட்ராக் ஆன்' திரையில் அந்தப் பாதி யந்திரங்களின் கேள்வி ஒன்றாவது எட்டிப் பார்க்கவில்லை. ஈதர்நெட் கம்பியில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகப்பில் ஓர் அமைப்பு உண்டு. நோவெல் அதுவரையில் 802.3 என்ற அமைப்பை வழக்கமாகக் கொண்டிருந்துவிட்டு, 3.12-லிருந்து 802.2 என்பதைத் தன் வழக்கமாக்கிக்கொண்டது. பழைய ஃப்ளாப்பியிலிருந்து உயிர் பெற்ற யந்திரங்கள் பழைய முகப்போடு கேட்டன. சர்வரின் கார்டு அந்தப் பொட்டலங்களைப் பெற்றதேயொழிய, சர்வர் அவற்றைத் தனக்குரியவையாகக் கருதவில்லை. பரிகாரம் அற்பமானது: சர்வரில் அதே கார்டுக்குப் பழைய முகப்பையும் ஏற்றி இரண்டு விதக் கேள்விகளுக்கும் செவி கொடுக்கச் செய்யலாம், அல்லது ஒவ்வொரு யந்திரத்திலும் நெட்.சிஎஃப்ஜி என்ற ஃபைலில் ஒரு வரியை மாற்றலாம். நாங்கள் அன்றைக்கு முதலாவதைச் செய்து வேலையை நடக்கவிட்டு, பிறகு அவகாசம் போல இரண்டாவதை மேஜை மேஜையாகச் செய்து முடித்தோம். எத்தனையோ நிபுணர்கள் இந்த ஒரு விஷயத்தில் கார்டுகளைக் கழற்றி மாற்றிப் பணத்தை விரயம் செய்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

நெட்வேரை விட்டு நீங்கும் முன் அதன் காவல் ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் ஒரு சமயத்தில் ஓரிடத்திலிருந்து மட்டுமே நுழையலாம் என்று நிர்வாகம் கட்டுப்பாடு விதித்திருந்த ஓரிடத்தில், கேஷியருடைய யந்திரம் உறைந்து நின்றுவிட, அவர் பக்கத்து நாற்காலிக்கு மாறி லாகின் செய்தார், சர்வர் மறுத்தது. அவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்பது அதன் கணக்கு. பேச்சு மூச்சற்ற யந்திரத்தைச் சர்வர் ஏறக்குறைய ஐந்து நிமிஷம் பார்த்திருந்துவிட்டு, பின் நிமிஷத்துக்கு ஒரு தரமாகப் பத்துத் தரம் "இருக்கிறாயா?" என்று விசாரித்து, அதற்கும் பதிலில்லாவிட்டால்தான் இணைப்பை வெட்டும், ஆகக் கால் மணி நேரம். சர்வரில் உட்கார்ந்து அந்த இணைப்பைக் கையாலேயே அழித்துவிடலாம் என்றாலும், கேஷியர் அந்தக் கால் மணி நேரத்தை ஒரு நாளும் பொறுத்ததில்லை. தான் திருட்டுத்தனமாக நுழைய முயன்றதாக யந்திரம் சந்தேகப்படுகிறது என்றே கடைசிவரை எண்ணி மனம் நொந்தார்.

பின்னர் கிண்டித் தொழிற்பேட்டையில், யந்திர பாகங்களுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் வேலை என்னிடம் வந்தது. அங்கே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் யந்திரங்கள். அவற்றுக்கிடையே ஃபைல் பகிர்ந்துகொள்வது அதே கம்பெனி எண்பதுகளின் நடுவில் உண்டாக்கி, அதன் விதிமுறைகளைப் பிறரும் எடுத்தாளும்படி வெளியிட்ட என்எஃப்எஸ் என்ற முறையில். நெட்வேரில் பழகிய எனக்கு இது வேறொரு சம்பிரதாயமாகத் தோன்றியது. யார் உள்ளே இருக்கிறார், யார் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்ற ஞாபகமெல்லாம் இந்தச் சர்வருக்குக் கிடையாது. ஒவ்வொரு கேள்வியும் தனக்கு வேண்டிய விவரம் முழுவதையும் தானே சுமந்துகொண்டு வரவேண்டும். அதனால் ஒரு மகத்தான சௌகரியம் உண்டு: சர்வரை அணைத்து மறுபடி போட்டாலும், மேஜைமீதுள்ள யந்திரம், சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டே இருந்து, சர்வர் எழுந்ததும், சரியாகிவிட்டது என்று இன்னொரு வரி எழுதி, விட்ட இடத்திலிருந்து தொடரும். வரைந்துகொண்டிருந்தவர் நடுவில் மதிய போஜனத்துக்குப் போய் வந்திருந்தால் அவருக்கு நடந்ததே தெரியாது. சர்வரின் டைரக்டரியைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதற்கு மவுண்ட் என்று பெயர்; இந்தப் பொறுமையோடு பிணைப்பதை ஹார்டு மவுண்ட் என்பார்கள். சிறிது நேரத்தில் சலித்துப் பிழை சொல்லிவிடும் சாஃப்ட் மவுண்ட்டும் உண்டு; வரைபடம் பாதி எழுதப்பட்ட நிலையில் அது கைவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்தவர்கள் எழுதும் டிரைவில் அதைப் பிரயோகிக்க மாட்டார்கள்.

அந்நிறுவனத்தில் யந்திரங்களின் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் பழைய ஹப்பை எடுத்துவிட்டு, 100 மெகாபிட் வேகமுள்ள புது ஸ்விட்ச் ஒன்றை வைத்தார்கள். வைத்த நாள் முதல் ஒரு நூதனமான வியாதி. மவுண்ட் ஆகிறது; டைரக்டரியின் பட்டியல் வருகிறது; சிறு குறிப்பு ஃபைல்கள் திறக்கின்றன; பெரிய வரைபடத்தைத் தொட்டால் மட்டும் யந்திரம் நின்று, "இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்" என்ற வரி வந்துவிடுகிறது. சர்வர் பதில் கொடுக்கிறதா என்று பிங் செய்து பார்த்தால் பழுதில்லை. ஸ்விட்ச் விற்றவர், பிங் போகிறது, ஆகவே என் பொருளில் குற்றமில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். பிங் போகிறது என்பதைப் போல எங்கள் தொழிலில் மனிதர்களை ஏமாற்றியது வேறொன்றில்லை. அது வழக்கமாக அனுப்புவது ஒரு சிறு பொட்டலம், அவ்வளவுதான்.

சர்வரில் ஸ்நூப் என்ற கட்டளையைக் கொடுத்துக் கம்பியில் போகிறதையும் வருகிறதையும் பார்த்தேன். கேள்வி வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. விடையும் போய்க்கொண்டுதான் இருந்தது. அங்கே பழக்கத்திலிருந்த என்எஃப்எஸ் இரண்டாம் பதிப்பு, ஒரு தரம் கேட்டால் 8192 பைட்டுகள் வரை கொடுக்கும். அந்த 8192 பைட்டும் யூடிபி முறையில் ஒரே விடையாகக் கிளம்பினாலும், ஈதர்நெட் ஒரு பொட்டலத்தில் 1500 பைட்டுக்கு மேல் ஏற்காதாகையால், விடை ஆறு துண்டுகளாகப் பிளந்து போகும். ஆறில் ஐந்து வந்து சேர்ந்து ஒன்று வழியில் மாண்டாலும், வந்த ஐந்தும் வீண். வாங்குகிற யந்திரம் அவற்றை எறிந்துவிட்டு, மொத்த 8192-ஐயும் மறுபடி கேட்கும். சர்வர் மறுபடி ஆறு துண்டுகளை அனுப்பும்; மறுபடி ஒன்று மாளும். வாங்குகிற யந்திரத்திலும் ஸ்நூப்பை ஓடவிட்டு இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, அனுப்பியதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. மவுண்ட் செய்யும் கட்டளையில் ஒரு தரத்துக்கு 1024 பைட் போதும் என்று குறைத்துக் கேட்டதும் பெரிய வரைபடங்கள் மெதுவாகவேனும் திறந்தன; துண்டாகாமல் போகிறது சேருகிறது என்பதற்கு அது அத்தாட்சியாயிற்று. வரைபடப் பிரிவின் தலைவர், "இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே சார், ஓடுதில்ல?" என்றார். பரிகாரம் என்பது அதுவல்ல.

சர்வரின் கார்டை யாரோ ஒருவர், நல்லெண்ணத்துடன்தான், 100 மெகாபிட் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் நிலைப்படுத்தி வைத்திருந்தார். ஒரே சமயத்தில் பேசவும் கேட்கவும் வல்லது என்பது அதன் பொருள். ஸ்விட்சின் துவாரமோ எதிரியோடு தானே பேசி முடிவு செய்துகொள்ளும்படி விடப்பட்டிருந்தது. கையால் நிலைப்படுத்திய கார்டு அந்தப் பேச்சுவார்த்தையில் கலந்துகொள்ளாது. கலந்துகொள்ளாத எதிரியைக் கண்ட ஸ்விட்ச், வேகத்தை ஊகித்தறிந்து, டூப்ளெக்ஸ் விஷயத்தில் விதிப்படி ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். கேட்கும்போது பேசலாகாது என்று ஒரு தரப்பும், தாராளமாகப் பேசலாம் என்று மறு தரப்பும் நினைத்திருக்க, கம்பியில் ஆள் குறைந்த நேரத்தில் இந்த அபிப்பிராய பேதம் வெளிப்படுவதில்லை. ஆறு துண்டுகள் வரிசையாகப் போகும் நேரத்தில் எதிர்ப்புறத்திலிருந்து வேறொருவருடைய கேள்வி வந்தால் மோதல் என்று கருதி ஸ்விட்ச் ஒரு துண்டைத் தள்ளிவிடும். சர்வரின் கார்டையும் தானே பேசி முடிவு செய்யும்படி மாற்றிவிட்டு, 1024-ஐ நீக்கி முன்போல 8192 ஆக்கினேன். அதன் பிறகு அந்த வரி அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதே இடத்தில் வேறொரு வழக்கும் நடந்தது. அந்தத் தலைவர், தம் யந்திரத்தில் ரூட் என்ற சர்வாதிகாரியாக நுழைந்து, சர்வரிலுள்ள ஒரு ஃபைலை அழிக்கப் போய், அநுமதியில்லை என்ற பதிலைப் பெற்று, "ரூட்டுக்கே பர்மிஷன் இல்லையா? அப்ப யாருக்குத்தான் இருக்கு?" என்று கொதித்துப்போயிருந்தார். ஒரு யந்திரத்தின் ரூட் இன்னொரு யந்திரத்திலும் ரூட்டாகிவிடக்கூடாது என்பதற்காக, வெளியிலிருந்து வரும் ரூட்டை 'நோபடி' என்ற யாதொரு அதிகாரமுமில்லாத ஆளாக்கியே சர்வர் உள்ளே விடும் என்று விளக்கினேன். இருபது வருஷ சர்வீஸ் உள்ளவரை யாருமற்றவன் என்று ஒரு யந்திரம் பதிவு செய்துகொண்டது அவருக்கு ரசிக்கவில்லை. சாமான்ய ஜனங்களையும் அந்த முறை பெயரால் அறிவதில்லை, எண்ணால்தான் அறியும். இரண்டு யந்திரங்களில் இரண்டு பேருக்குத் தற்செயலாக ஒரே எண் அமைந்துவிட்டால், ஒருவர் எழுதிய ஃபைல் மற்றவருடையதாகக் காட்சியளிக்கும். எண்களை எல்லாம் ஓரிடத்திலிருந்து வழங்கும்படி செய்தபிறகே அந்தச் சொத்துத் தகராறுகள் ஓய்ந்தன.

புத்தாயிரத்தை ஒட்டிச் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் லினக்ஸ் சர்வர் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். விண்டோஸ் யந்திரங்களோடு அவற்றின் பாஷையிலேயே பேசுவதற்காக அதில் சாம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்து சர்வகலாசாலையில் மாணவராயிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் ஆரம்பித்து, ஊர் உலகமெல்லாம் சேர்ந்து வளர்த்தது. சர்வரைப் பார்க்காமல் ஐகானை மாத்திரமே நம்புகிறவர் அச்சக முதலாளி. "நெட்வொர்க் நெய்பர்ஹுட்ல சர்வரே தெரியலையே தம்பி" என்பார். அந்த ஐகானில் தெரியும் யந்திரங்களின் பட்டியலை நெட்வொர்க்கிலுள்ள ஏதோ ஒரு யந்திரம் சேகரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தம் இருப்பை அறிவிப்பார்கள். மூன்று தரம் அறிவிக்கத் தவறியவரைத்தான் பட்டியலிலிருந்து நீக்கும். ஆகையால் அணைத்த யந்திரம் அரை மணிக்கு மேலும் அதில் தெரிந்துகொண்டிருக்கும். உயிரோடிருக்கிற யந்திரம் தெரியாமலும் இருக்கக்கூடும். "அதைப் பாக்காதீங்க அண்ணாச்சி, பேரை நேரா அடிங்க, அதுவும் வரலைன்னா ஐபி நம்பரை அடிங்க" என்று சொல்லி வைத்தேன். நம்பருக்குத் திறந்து பெயருக்குத் திறக்காவிட்டால் வழியில் குற்றமில்லை, பெயரைத் தெரிந்துகொள்வதில்தான் குற்றம் என்பதை அவரே பிற்பாடு மற்றவர்களுக்கு உபதேசிக்கலானார்.

அங்கேயே பழைய விண்டோஸ் 95 யந்திரங்கள் உள்ளே போக, புதிதாக வாங்கிய விண்டோஸ் 98 யந்திரங்கள் அதே பெயர், அதே பாஸ்வேர்டு கொடுத்தும் நுழைய முடியாத ஒரு நாள் வந்தது. சர்வரின் பதிவேட்டில் கேள்வி வந்திருந்தது, மறுத்ததும் எழுதியிருந்தது. பாஸ்வேர்டை அப்பட்டமாகக் கம்பியில் அனுப்புவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 98-ல் முடிவு செய்திருந்தது. நான் வைத்த சர்வரோ அப்பட்டமான பாஸ்வேர்டையே எதிர்பார்க்கும்படி அந்நாளைய வழக்கத்தை ஒட்டி அமைந்திருந்தது. ஒவ்வொரு புது யந்திரத்தின் ரெஜிஸ்ட்ரியிலும் ஒரு மதிப்பை மாற்றிப் பழைய பழக்கத்துக்கு இழுத்துவரலாம். பலரும் அதைத்தான் செய்தார்கள். நான் சர்வரையே மாற்றினேன். அதில் ஒரு தொல்லை: சர்வரில் இருக்கிற பழைய பாஸ்வேர்டுகளிலிருந்து புது முறைக்கு வேண்டியதைத் தயாரிக்க முடியாது, ஒவ்வொருவரும் வந்து மறுபடி அடித்தாக வேண்டும். தீபாவளி கழிந்து காலண்டர் வேலை நெருக்கிக்கொண்டிருந்த வேளையில், டிசைன் போடும் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று அடித்துவிட்டுப் போனார்கள். "ஒரு நாள் பொழப்பு போச்சே தம்பி" என்று முதலாளி அங்கலாய்த்தாரே தவிர, தடுக்கவில்லை.

கடைசியாக நான் கையாண்ட பெரிய வழக்கு மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டரின் அலுவலகத்தில். அலமாரியில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய சேமிப்புப் பெட்டிதான் அவர்களுக்குச் சர்வர். 2017-ன் கடைசியில் புதிதாக விண்டோஸ் 10 நிறுவிய இரண்டு யந்திரங்கள் அதைப் பார்க்க மறுத்தன, பழையவை பார்த்தன. "நேத்து வாங்கின மெஷினுக்குத் தெரியாதது எட்டு வருஷத்து மெஷினுக்குத் தெரியுது, என்ன சார் இது?" என்றார் ஆடிட்டர். அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது, விண்டோஸ் யந்திரங்கள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி முறையின் முதல் பதிப்பு ஒன்றுதான். அவ்வருஷம் மே மாதத்தில் வான்னாக்ரை என்ற நாசகாரப் புரோகிராம், விண்டோஸில் அந்த முதல் பதிப்பு அமைந்திருந்த விதத்திலுள்ள ஓர் ஓட்டையின் வழியாகப் புகுந்து, இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் உட்படப் பற்பல நாடுகளின் காரியாலயங்களில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது; ஓட்டையை அடைக்கும் மருந்து மார்ச் மாதமே வெளிவந்திருந்தும் போட்டுக்கொள்ளாதவர்கள் ஏராளம். அதே வருஷத்து அக்டோபர் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-ல் முதல் பதிப்பை வைப்பதையே மைக்ரோசாஃப்ட் விட்டுவிட்டது. கேள்வி பெட்டியின் வாசல் வரை வந்தது. அது கேட்ட பாஷை பெட்டிக்குப் புரியவில்லை.

விண்டோஸில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் முதல் பதிப்பு திரும்ப வந்துவிடும் என்பதை அவருடைய ஜூனியர் பையன் இதற்குள் கண்டுபிடித்து வைத்திருந்தான். "அதைப் போட்டுடலாமே சார்? எங்க ஆபீஸ்ல யார் வந்து என்ன எடுக்கப் போறா?" என்றார் ஆடிட்டர். ஊரிலுள்ள இருநூறு பேருடைய வருமானக் கணக்கு அந்த அலமாரியில் இருப்பதை அவரிடமே சுட்டிக்காட்டி, புதிய பெட்டி ஒன்று வாங்கும்படி சொன்னேன். பழைய யந்திரம் ஒன்றை நடுவே வைத்து, இரவோடிரவாக எல்லா ஃபைல்களையும் பழைய பெட்டியிலிருந்து புதியதற்குப் பெயர்த்தோம். காலையில் இரண்டு புது யந்திரங்களிலும் அவரே ஃபைல்களைத் திறந்து பார்த்துத் திருப்தியடைந்த பிறகு, பில்லைப் பற்றிப் பேச்சு வந்தது. "பெட்டியையும் உங்க கூலியையும் ஒரே பில்லுல போட்டுடாதீங்க" என்றார். பெட்டி மூலதனச் செலவாம், அதற்கு வருஷாவருஷம் தேய்மானம்தான் கழிக்க முடியுமாம். கம்ப்யூட்டருக்கு அறுபது சதவீதமாக இருந்த தேய்மானத்தையும் அந்த வருஷம் நாற்பதாகக் குறைத்துவிட்டார்களாம். கூலியைப் பராமரிப்பு என்று தனியே காட்டினால் அந்த வருஷமே முழுவதும் கழித்துவிடலாமாம். நான் இரண்டு பில்லாகவே எழுதிக் கொடுத்தேன்.